குளிர் பிரதேசத்தில் மஞ்சளாகப் பூக்கும் தரைப்படர் செடிகள்

செடி வாங்கும் முன் அதன் அட்டையில் இருக்கும் குளிர் மண்டல எண்ணைப் பாருங்கள். மண்டலம் 4 என்றால் மைனஸ் 34 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். ஆனால் உறைபனியைவிட, குளிர்காலத்தில் வேரடியில் தேங்கும் ஈரம்தான் பல செடிகளை அழுகவைத்துக் கொல்கிறது. அதனால் முதலில் வடிகாலைச் சோதியுங்கள். ஓரடிக் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றுங்கள். சில மணி நேரம் கழித்தும் வடியாவிட்டால் மேட்டுப்பாத்தி போடுவதே நல்லது.

நல்ல வெயிலும் வறண்ட, சரளை கலந்த மண்ணும் இருந்தால் செடம் ஏக்ரே (Sedum acre) என்ற செடியை நடலாம். 5 முதல் 8 செ.மீ. உயரம்தான், கோடைத் தொடக்கத்தில் இலையே தெரியாமல் பூக்கும். உரம் வேண்டாம், போட்டால் தண்டு நீண்டு சரியும். உடைந்து விழும் துண்டெல்லாம் வேர்விடும், எனவே சிறு செடிகளின் பக்கத்தில் வைக்காதீர்கள். இதன் சாறு சிலருக்குத் தோலில் எரிச்சல் தரும், கையுறை அவசியம்.

அரைநிழலுக்கு வால்ட்ஸ்டைனியா (Waldsteinia) என்ற செடி. வசந்தத்தில் பூக்கும், மெதுவாகவே பரவும், அடங்கி இருக்கும்.

ஈரமான இடத்துக்கு லைசிமாக்கியா நும்முலேரியா (Lysimachia nummularia) என்ற செடி பொருந்தும். ஆனால் வட அமெரிக்காவின் பல பகுதிகளில் இது ஆக்கிரமிப்புச் செடி. ஓடை, குளக்கரை அருகில் நடவே கூடாது.

20 முதல் 30 செ.மீ. இடைவெளியில், மண் உறைவதற்கு ஆறு வாரம் முன்பாவது நடுங்கள். பிந்தினால் வேர் பிடிக்காது. மண் உறைந்து இளகும்போது செடியை வெளியே தள்ளிவிடும். வசந்தத்தில் அப்படித் தூக்கியிருந்தால் உடனே கையால் அழுத்திவிடுங்கள்.