சக்கர நாற்காலிக்கு முன் மோட்டார்: மேட்டில் சக்கரம் சுற்றுகிறது, நாற்காலி நகரவில்லையா?

காவேரிப்பட்டணம் பக்கத்தில் எங்கள் ஊரிலிருந்து மெயின் ரோட்டுக்கு வர ஏரிக்கரை ஏறி இறங்க வேண்டும். அறுபது அடி நீள ஏற்றம். பத்தடிக்கு ஓர் அடி உயரும். பன்னிரண்டு வருடம் முன்பு மாமரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போனதிலிருந்து அந்த மேட்டைக் கையால் தள்ளித்தான் ஏறினேன். போன வருடம் வலது தோள் தூக்க முடியாமல் போய்விட்டது. நாற்காலி தள்ளுவது, கட்டிலுக்கு மாறுவது, பாத்ரூம் போவது எல்லாமே தோளை நம்பித்தான். அது போனால் வீட்டுக்குள்ளேயும் முடங்க வேண்டியதுதான். வலி ஆரம்பிக்கும் முன்பே மோட்டார் மாட்டியிருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். நீங்கள் வலி வரும்வரை காத்திருக்காதீர்கள்.

ஒரு விஷயம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பேட்டரி சக்கர நாற்காலிக்கும், பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டருக்கும் விண்ணப்பிக்கலாம். உங்களுக்கு அது பொருந்தினால் அதையே கேளுங்கள். எனக்குப் பொருந்தவில்லை. பேட்டரி நாற்காலி எங்கள் வாசல்படி தாண்டாது, ஆட்டோவிலும் ஏறாது. ஸ்கூட்டரில் போனால் இறங்குகிற இடத்தில் உட்கார நாற்காலி இருக்காது. நாற்காலியில் கழற்றி மாட்டுகிற மோட்டார் இணைப்பு என்றால் கடை வாசலில் அதைக் கழற்றி வைத்துவிட்டு அதே நாற்காலியில் உள்ளே போகலாம்.

எந்த வகை வாங்குவது

மூன்று வகை இருக்கின்றன. முதலாவது, ஸ்மார்ட்டிரைவ் மாதிரி நாற்காலிக்குப் பின்னால் மாட்டி முன்னே தள்ளும் சிறு சக்கரம். இரண்டாவதில் பெரிய சக்கரத்தின் நடுவிலேயே மோட்டார் இருக்கும். ஜெர்மனியின் ஆல்பர், ஜப்பானின் யமஹா இரண்டும் செய்கின்றன. கைவளையத்தை லேசாகத் தள்ளினால் மோட்டார் மீதி விசையைச் சேர்த்துக்கொடுக்கும். மூன்றாவது, ஹேண்டில், பிரேக், மோட்டார் சக்கரம் எல்லாம் சேர்ந்த ஒரு முன்பகுதி. அதை மாட்டினால் நாற்காலியின் முன் குட்டிச் சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டு எழும்பி, மொத்தமும் மூன்று சக்கர வண்டி ஆகிவிடும்.

எங்கள் பக்கத்துச் சாலைக்கு மூன்றாவதுதான் சரி. முதல் இரண்டிலும் குட்டிச் சக்கரம் தரையிலேயே ஓடும், ஜல்லியில் புதைந்து நின்றுவிடும். முன்னால் 16 அங்குலச் சக்கரம் இருந்தால் கல்லின் மேல் ஏறி இறங்கிவிடும்.

நாற்காலியும் புதிதாக வாங்குகிறவர் என்றால் ஐ.ஐ.டி. மெட்ராஸில் உருவான நியோமோஷனின் நியோபோல்ட்டைப் பாருங்கள். 2021-ல் வந்தது, மணிக்கு 25 கிலோமீட்டர் வரை போகும். அவர்களுடைய நியோஃபிளை நாற்காலியோடு சேர்ந்து ஓடுவதற்கென்றே செய்தது என்பதால் நான் பட்ட பாட்டில் பாதி உங்களுக்கு இருக்காது. என்னிடம் இருந்தது மடக்கு நாற்காலி, அதை மாற்றப் பணம் இல்லை. அதனால் 36 வோல்ட் மோட்டார் கிட் ஒன்றை வாங்கி லேத் பட்டறைக்காரரை வைத்து மாட்டினேன். இனி சொல்வதெல்லாம் அந்த வழி.

படி 1: கிளாம்ப்

இணைப்பை நாற்காலிக் குழாயோடு கவ்விப் பிடிப்பது கிளாம்ப். மடக்கு நாற்காலியில் கால்பலகைக் குழாய் கழன்று வருகிற மாதிரி இருக்கும். அதில் கிளாம்ப் போடவே கூடாது. இருக்கைக்கு முன்புறம் கீழே இறங்குகிற நிலைக்குழாயில்தான் போட வேண்டும். அதுதான் சட்டத்தோடு சேர்ந்தது.

குழாயின் விட்டத்தை வெர்னியரில் அளந்த பிறகே கிளாம்ப் வாங்குங்கள். என் குழாய் 22 மி.மீ., கிட்டில் வந்த கிளாம்ப் 25 மி.மீ. இடைவெளிக்குப் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றி இறுக்கினேன். நன்றாகத்தான் பிடித்தது. மூன்றாம் நாள் வேகத்தடையில் ஏறியபோது கிளாம்ப் குழாயைச் சுற்றித் திரும்பி, ஹேண்டில் என் மடியில் சாய்ந்தது. ரப்பர் வேண்டாம். ஒன்றரை மி.மீ. கனத்தில் அலுமினியப் புஷ் (குழாயின்மேல் போடும் உறை) கடைந்து, நெடுக ஒரு வெட்டு விட்டு, அதைக் குழாயில் போட்டு அதன்மேல் கிளாம்பை இறுக்குங்கள். லேத் பட்டறையில் அரை மணி நேர வேலை.

இரண்டு கிளாம்பும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். நாற்காலியை முழுதாக விரித்து, சமதளத்தில் வைத்து, தரையிலிருந்து அளங்கள். குழாயின் வளைவிலிருந்து அளந்தால் தப்பும், பழைய நாற்காலியில் இடமும் வலமும் ஒன்றுபோல் இருப்பதில்லை.

படி 2: மோட்டார் சக்கரம்

அச்சின் தட்டைப் பக்கம், சக்கரத்தை இரு பக்கமும் பிடிக்கும் கவையான ஃபோர்க்கின் வெட்டுக்குள் ஆட்டமில்லாமல் உட்கார வேண்டும். டார்க் ஆர்ம் எனப்படும் சிறு இரும்புக் கையையும் கட்டாயம் போடுங்கள். மோட்டார் சக்கரத்தை முன்னால் தள்ளும்போது அச்சு எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும். நட்டு தளர்ந்திருந்தால் அச்சே சுழன்று, அதன் வழியாக வரும் வயர்களை முறுக்கி அறுத்துவிடும்.

திருகி அளவு மாற்றுகிற ஸ்பேனரை இந்த வேலைக்குத் தொடாதீர்கள், நட்டின் மூலைகளை மழுக்கிவிடும். ரிங் ஸ்பேனர்தான் வேண்டும், என் அச்சுக்கு 18 மி.மீ. இறுக்கி முடித்ததும் நட்டிலிருந்து ஃபோர்க் வரை நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். கோடு உடைந்திருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். நான் தினமும் காலையில் பார்க்கிறேன்.

வயரிங் பெரிய விஷயமில்லை, நிறத்துக்கு நிறம் சேர வேண்டும். ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலைகள் வந்த பிறகு எங்கள் பக்கம் இதைத் தெரிந்த பையன்கள் கிடைக்கிறார்கள். இரண்டை மட்டும் விட்டுவிடாதீர்கள்: பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு 20 ஆம்பியர் ஃபியூஸ், பிரேக் லிவரைத் தொட்டதும் மோட்டாரை நிறுத்தும் கட்-ஆஃப் சுவிட்ச். முதல் தடவை பவர் கொடுக்கும்போது முன்சக்கரம் தரையைத் தொடாமல் தூக்கி இருக்கட்டும்.

என் பேட்டரி 36 வோல்ட், 10 ஆம்பியர்-அவர், அதாவது 360 வாட்-அவர். கிலோமீட்டருக்குச் சுமார் 13 வாட்-அவர் செலவாகிறது. 25 கிலோமீட்டருக்கு மேல் கணக்குப் போடுவதில்லை.

படி 3: எடை

இந்த இடத்தில்தான் நான் இரண்டு மாதமும் கொஞ்சம் பணமும் தொலைத்தேன்.

எல்லாம் மாட்டி முடித்து வீதியில் ஓட்டினால் அருமையாகப் போனது. ஏரிக்கரை மேட்டில் பாதி ஏறியதும் முன்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றி மண்ணை வாரி அடித்தது. நாற்காலி பின்னால் நழுவ ஆரம்பித்தது. கைவளையம் இரண்டையும் பிடித்து நிறுத்தினேன். உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது.

மோட்டாருக்குச் சக்தி போதவில்லை என்று கிட் விற்ற கடையில் சொன்னார்கள். நம்பி 250 வாட்டைக் கொடுத்துவிட்டு 350 வாட் வாங்கினேன். அது முன்பைவிட வேகமாக நின்ற இடத்தில் சுற்றியது. மோட்டாரில் குறையில்லை, முன்சக்கரத்தை அழுத்திப் பிடிக்க எடை இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வண்டியை இழுப்பது முன்சக்கரம், என் உடம்பு உட்கார்ந்திருப்பதோ பின்சக்கரத்தின் மேல். மேட்டில் ஏறும்போது இருக்கிற கொஞ்சம் எடையும் பின்னால் போய்விடுகிறது.

அளந்து பாருங்கள். வீட்டில் எடை பார்க்கிற மெஷினை முன்சக்கரத்துக்கு அடியில் வையுங்கள். அதே கனத்தில் இரண்டு பலகைகளைப் பின்சக்கரங்களுக்கு அடியில் கொடுத்து, பிரேக் போட்டு, எப்போதும் உட்காருகிற மாதிரி உட்காருங்கள். மெஷினை வேறொருவர் படிக்கட்டும், நீங்கள் குனிந்தால் எண் மாறிவிடும். நானும் நாற்காலியும் இணைப்பும் பேட்டரியும் சேர்ந்து 95 கிலோ. முன்சக்கரத்தில் விழுந்தது வெறும் 18.

மூன்று மாற்றங்கள் செய்தேன்.

கல் தட்டக்கூடாது என்று குட்டிச் சக்கரங்களை 7 செ.மீ. தூக்கி வைத்திருந்தேன். அவ்வளவு தூக்கினால் நாற்காலி மல்லாந்து எடை பின்னால் போகிறது. 3 செ.மீ. ஆக இறக்கினேன். 20 கிலோ ஆனது.

முதுகுச் சாய்வுக்குப் பின்னால் பையில் தொங்கிய 3 கிலோ பேட்டரியை ஃபோர்க்கின் மேல் கொண்டுவந்தேன். 23.

கடைசி மாற்றம்தான் பெரியது. என் நாற்காலியில் பின்சக்கர அச்சு மாட்டும் தகட்டில் வரிசையாகத் துளைகள் உண்டு. கையால் தள்ளுகிறவர்களுக்கு அச்சு முன்னால் இருந்தால் லேசாக உருளும், நானும் அப்படித்தான் வைத்திருந்தேன். முன் மோட்டாருக்கு அது நேர் எதிர். அச்சை 5 செ.மீ. பின்னால் தள்ளினேன். 27 கிலோ!

அன்று சாயங்காலம் அதே மேட்டில், உடம்பை முன்னால் சாய்த்துக்கொண்டு, நிற்காமல் ஏறினேன். மேலே போய் ஏரித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். தனியாக, தோள் வலிக்காமல், அங்கே போய் நின்றது அதுதான் முதல் தடவை.

மொத்த எடையில் நான்கில் ஒரு பங்காவது முன்சக்கரத்தில் இருக்க வேண்டும் என்பது என் அனுபவக் கணக்கு. இதற்கு ஒரு விலையும் உண்டு. இணைப்பைக் கழற்றிய பிறகு கையால் தள்ளும்போது நாற்காலி முன்பைவிடக் கனக்கிறது, வாசல்படியில் முன்பக்கத்தைத் தூக்குவதும் சிரமம். நான் ஏற்றுக்கொண்டேன்.

அச்சை நகர்த்தினால் பார்க்கிங் பிரேக்கையும் அதே அளவு நகர்த்துங்கள். நான் மறந்துவிட்டேன். பிரேக் கட்டை டயரைத் தொடவில்லை. மறுநாள் காலை கட்டிலிலிருந்து மாறும்போது நாற்காலி நழுவியது, அம்மா பக்கத்தில் இருந்ததால் பிடித்துக்கொண்டார்.

படி 4: கால்

உணர்வு இல்லாத கால் பலகையிலிருந்து நழுவினால் நமக்குத் தெரியாது. நடந்து போகிற வேகத்தில் அது பெரிதில்லை, 12 கிலோமீட்டர் வேகத்தில் பாதம் தரையில் உரசினால் எலும்புவரை போய்விடும். கணுக்காலுக்கு ஒரு பெல்ட், கெண்டைக்காலுக்குப் பின்னால் ஒரு பட்டை, இடுப்புக்கு ஒரு பெல்ட். மூன்றும் இல்லாமல் கிளம்பாதீர்கள். குஷனையும் நல்லதாகப் போடுங்கள். மோட்டார் வந்ததும் தூரமாகப் போவோம், அதிர்வும் கூடும், புண் வந்தால் மாதக்கணக்கில் படுக்கைதான். வீடு திரும்பியதும் கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

தோளையும் தோலையும் காப்பாற்றிக்கொள் என்று எனக்கு முதலில் சொல்லித் தந்தது வேலூர் பாகாயத்தில் இருக்கும் மறுவாழ்வு மையம். 1954-ல் விபத்தில் கால்கள் செயலிழந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடியே டாக்டராகத் தொடர்ந்த மேரி வர்கீஸ் தொடங்கியது அது. இந்த வேலை செய்யும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்வேன்.

படி 5: முதல் ஓட்டம்

ஆளில்லாத மைதானத்தில், மூன்று வேகங்களில் சிறியதில் பழகுங்கள். திரும்பும் முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள், வேகமாகத் திருப்பினால் நாற்காலி பக்கவாட்டில் கவிழும். மடக்கு நாற்காலியில் 12-க்கு மேல் நான் போவதில்லை, சட்டம் ஆடுவது தெரிகிறது. நாற்கரச் சாலைக்கும் போவதில்லை.

பின்சேர்க்கை

கழுத்துப் பக்கம் அடிபட்டு விரல் மடக்க முடியாத ஒருவர், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலைப் பற்றிக் கேட்டிருந்தார். முறுக்குகிற பிடி அவருக்கு ஆகாது. பெருவிரலால் தள்ளும் வகையை வாங்கி, அதன் நாக்கில் நீளமான பிளாஸ்டிக் துண்டு ஒன்றை ஒட்டினால் உள்ளங்கையால் அழுத்தலாம். பிரேக் லிவரையும் உள்ளங்கையால் இழுக்க முடிகிறதா என்று முதலில் சோதியுங்கள். முடியாவிட்டால் இந்த வகை இணைப்பு வேண்டாம்.

அச்சுத் தகட்டில் துளையே இல்லாத நாற்காலிக்கு என்ன செய்வது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். நீங்களாக வெல்டிங் வைக்காதீர்கள், மெல்லிய குழாய் சூட்டில் பலமிழந்து பிறகு முறியும். குட்டிச் சக்கர உயரமும் பேட்டரி இடமும் மாற்றினாலே எனக்கு 5 கிலோ கூடியது, அதை முதலில் செய்து பாருங்கள்.

பாலக்கோட்டு வாசகர் ஒருவர் தன் ஊர் மண்மேட்டில் 28 கிலோ வைத்தும் சக்கரம் வழுக்குவதாக எழுதினார். அது உண்மை. காய்ந்த தாருக்கும் சிமெண்டுக்கும் காய்ந்து இறுகிய மண்ணுக்கும்தான் இந்தக் கணக்கு, உதிரி ஜல்லியிலும் ஈரமண்ணிலும் பிடிப்பே பாதிதான். மழை பெய்த மறுநாள் நானும் ஏரிக்கரையில் ஏறுவதில்லை. பள்ளிக்கூடத்து வழியாகச் சுற்றி வருகிறேன். ஒன்றரை கிலோமீட்டர் கூடுதல், பேட்டரியில் இருபது வாட்-அவர் செலவு.