வேலையில் இருந்தபடியே ஆன்லைனில் பி.எஸ்.என்.: பணம் கட்டுவதற்கு முன்பே நடந்துவிடும் தவறுகள்

அமெரிக்காவில் ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) லைசென்ஸ் வாங்க இளங்கலைப் பட்டம் கட்டாயம் இல்லை. கம்யூனிட்டி காலேஜில் ஏ.டி.என். என்ற குறுகிய நர்சிங் படிப்பை முடித்தவரும், பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் பி.எஸ்.என். என்ற நர்சிங் இளங்கலைப் பட்டம் படித்தவரும் லைசென்ஸுக்காக எழுதுவது ஒரே என்கிளெக்ஸ் தேர்வுதான். ஆனாலும் ஏ.டி.என். முடித்தவர் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலத்திலேயே "பி.எஸ்.என். எப்போது முடிக்கப் போகிறீர்கள்?" என்று மேனேஜர் கேட்க ஆரம்பித்துவிடுவார்.

அவர் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. பென்சில்வேனியா மருத்துவமனைகளை வைத்து ஆய்வாளர் லிண்டா எய்க்கன் குழுவினர் 2003-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பட்டம் பெற்ற நர்ஸ்கள் அதிகம் உள்ள இடங்களில், அறுவை சிகிச்சைக்குப் பின் நோயாளிகள் இறப்பது குறைவாக இருக்கிறது என்று அது காட்டியது. 2020-க்குள் நர்ஸ்களில் 80 சதவீதம் பேர் பட்டதாரிகளாக இருக்க வேண்டும் என்று 2010-இல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் என்ற ஆலோசனை அமைப்பு பரிந்துரைத்தது. நியூயார்க் மாநிலம் 2017-இல் சட்டமே போட்டது: புதிதாக லைசென்ஸ் வாங்குபவர்கள் பத்து வருடத்துக்குள் பி.எஸ்.என். முடிக்க வேண்டும். சிறந்த நர்சிங்குக்குத் தரப்படும் மேக்னட் அங்கீகாரம் வேண்டும் என்று நினைக்கும் மருத்துவமனைகளில், நர்ஸ் மேனேஜர்களுக்கு நர்சிங் பட்டம் இருந்தே ஆக வேண்டும்.

இப்படி நாலு பக்கமும் நெருக்கும்போது, வேலையில் இருக்கும் நர்ஸ்கள் ஆன்லைனில் முதலில் கண்ணில் படும் விளம்பரத்தைத் தட்டிச் சேர்ந்துவிடுகிறார்கள். நான் பார்த்தவரை, பாடம் புரியாமல் தோற்றுப்போன நர்ஸ் ரொம்ப அபூர்வம். இரவெல்லாம் ஐ.சி.யு.வில் நின்றவருக்கு ஒரு கட்டுரை எழுதுவது மலையில்லை. தவறான இடத்தில் சேர்ந்தவர்கள், தேவையில்லாத பாடத்துக்குப் பணம் கட்டியவர்கள், தேவையே இல்லாத பட்டத்தைப் படித்தவர்கள்தான் அதிகம். அதனால் இந்தக் கட்டுரையில் முக்கால்வாசி, சேருவதற்கு முன்னால் செய்ய வேண்டியதைப் பற்றித்தான்.

எதற்காக என்று முடிவு செய்யாமல் சேருவது

சம்பளத்துக்காக என்றால் முதலில் எச்.ஆரிடம் கேட்டுவிடுங்கள். பி.எஸ்.என். வந்தால் மணிக்கு எவ்வளவு கூடும் என்பது மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். யூனியன் இருந்தால் ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். சில இடங்களில் மணிக்கு ஒன்றிரண்டு டாலர் கூடும், சில இடங்களில் ஒன்றுமே கூடாது. லைசென்ஸும் மாறாது. பழைய ஆர்.என்.தான், புதுத் தேர்வு எதுவும் கிடையாது. பட்டத்தின் உண்மையான பலன் அடுத்த படியில் தெரியும்: மேனேஜர், நர்ஸ் எஜுகேட்டர், எம்.எஸ்.என். என்ற முதுகலைப் பட்டம், நர்ஸ் பிராக்டிஷனர், ராணுவ நர்சிங்.

அந்த அடுத்த படி எது என்பதைப் பொறுத்துத்தான் எங்கே சேருவது என்பதும் மாறுகிறது. இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

மயக்க மருந்து கொடுக்கும் சி.ஆர்.என்.ஏ. ஆக வேண்டும் என்ற ஆசை உள்ளவர், ஏ, பி என்று எழுத்து கிரேடு கொடுக்காத பல்கலைக்கழகத்தில் சேருவதற்கு முன் இரண்டு தடவை யோசிக்க வேண்டும். வெஸ்டர்ன் கவர்னர்ஸ் யூனிவர்சிட்டி மாதிரியான இடங்களில் திறனை நிரூபித்தால் தேர்ச்சி, அவ்வளவுதான். ஆறு மாதத்துக்கு ஒரே கட்டணம், அதற்குள் எத்தனை பாடம் வேண்டுமானாலும் முடிக்கலாம். வேகமாகப் படிப்பவருக்கு இதைவிட மலிவான வழி கிடைப்பது கஷ்டம், அதை மறுக்கவில்லை. ஆனால் அங்கே தேர்ச்சி என்பதை 4.0-க்கு 3.0 என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். சி.ஆர்.என்.ஏ. படிப்போ இப்போது முனைவர் நிலையில் இருக்கிறது, இடத்துக்குப் போட்டி கடுமை, மதிப்பெண்ணை உற்றுப் பார்ப்பார்கள். ஏ.டி.என்.னில் சுமாரான மதிப்பெண் வாங்கியிருந்தால், அதைத் தூக்கி நிறுத்த இருக்கிற கடைசி வாய்ப்பு பி.எஸ்.என். அதைக் கைவிடுவது நல்லதில்லை.

இரண்டாவது உதாரணம் கலிஃபோர்னியா. அங்கே பப்ளிக் ஹெல்த் நர்ஸ் சான்றிதழ் வேண்டும் என்றால் பட்டம் மட்டும் போதாது. பொதுச் சுகாதாரத்தில் 90 மணி நேரம் மேற்பார்வையோடு கூடிய கிளினிக்கல் பயிற்சியும், குழந்தைகள் மீதான வன்முறையைக் கண்டறிவது பற்றி 7 மணி நேரப் பயிற்சியும் காட்ட வேண்டும். வேறு மாநிலத்து ஆன்லைன் படிப்புகள் எல்லாவற்றிலும் இது இருக்காது. பட்டம் வாங்கிய பிறகு அந்த 90 மணி நேரத்தை மட்டும் தனியாக எங்கே செய்வது என்று தேடுவது பெரிய அலைச்சல். கவுண்டி வேலைக்கோ பள்ளி நர்ஸ் வேலைக்கோ போகும் எண்ணம் துளி இருந்தாலும் முன்பே கேட்டுவிடுங்கள்.

அங்கீகாரம் பார்க்காமல் சேருவது

இதை எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் பாதிதான் சொல்கிறார்கள். இரண்டு அங்கீகாரம் பார்க்க வேண்டும். ஒன்று, பல்கலைக்கழகத்துக்கே உரியது. இன்னொன்று, அந்த நர்சிங் படிப்புக்கு உரியது: சி.சி.என்.இ., ஏ.சி.இ.என்., என்.எல்.என். சி.என்.இ.ஏ. என்ற மூன்றில் ஏதாவது ஒன்று. பல்கலைக்கழகத்துக்கு இருந்து நர்சிங் படிப்புக்கு இல்லையென்றால், மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது மாட்டிக்கொள்வீர்கள். கல்லூரியின் இணையப் பக்கத்தில் சின்னம் இருக்கிறது என்பதை நம்ப வேண்டாம். அங்கீகாரம் தரும் அமைப்பின் பக்கத்துக்கே போய்ப் பெயரைத் தேடுங்கள்.

"விண்ணப்பித்திருக்கிறோம், சீக்கிரம் வந்துவிடும்" என்று சேர்க்கை அலுவலர் சொன்னால், வந்த பிறகு சேருகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

இன்னும் மோசமான கதையும் உண்டு. 2023 ஜனவரியில் 'ஆபரேஷன் நைட்டிங்கேல்' என்ற பெயரில் அமெரிக்க அரசு ஒரு மோசடியை வெளியே கொண்டுவந்தது. ஃபுளோரிடாவில் இருந்த சில நர்சிங் பள்ளிகளின் பெயரில் 7,600-க்கும் மேற்பட்ட போலி டிப்ளமோக்கள் விற்கப்பட்டிருந்தன. அதை வைத்துத் தேர்வு எழுதி லைசென்ஸ் வாங்கியவர்களின் லைசென்ஸுக்கே பிறகு ஆபத்து வந்தது. வகுப்பும் இல்லை, பயிற்சியும் இல்லை, பணம் கட்டினால் டிரான்ஸ்கிரிப்ட் (மதிப்பெண் பட்டியல்) என்று யாராவது சொன்னால், பறிபோவது உங்கள் பணம் மட்டுமாக இருக்காது.

பழைய கிரெடிட்டை எண்ணிப் பார்க்காமல் சேருவது

பணமும் காலமும் அதிகம் வீணாவது இங்கேதான். பி.எஸ்.என். என்பது சுமார் 120 கிரெடிட் (பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு). நர்சிங் பாடமாக நீங்கள் புதிதாகப் படிக்க வேண்டியது பெரும்பாலும் 30 கிரெடிட் அளவுதான். மீதி உங்கள் பழைய படிப்பிலிருந்து வர வேண்டும். விளம்பரத்தில் "12 மாதத்தில் பட்டம்" என்று போடுவது அந்த 30-க்கு மட்டும். பொதுப்பாடங்கள் எல்லாம் முடிந்திருந்தால் என்று கீழே பொடி எழுத்தில் இருக்கும்.

ஆகவே சேருவதற்கு முன் எழுத்தில் கேளுங்கள்: என் டிரான்ஸ்கிரிப்ட்டைப் பார்த்துவிட்டு, எந்தப் பாடத்தை ஏற்கிறீர்கள், எது பாக்கி என்று பட்டியல் தர முடியுமா? தர மறுக்கும் இடத்துக்குப் பணம் கட்ட வேண்டாம். புள்ளியியல் பெரும்பாலும் பாக்கி நிற்கும். சில இடங்களில் அனாட்டமி, மைக்ரோபயாலஜி போன்றவை பல வருடம் பழையதாகிவிட்டால் செல்லாது.

பலரும் எதிர்பார்க்காத ஒன்று டெக்சாஸ். அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகங்களில் இளங்கலைப் பட்டம் வாங்க, மாநிலச் சட்டப்படி அமெரிக்க வரலாறு 6 கிரெடிட், அரசியல் அமைப்பு 6 கிரெடிட் வேண்டும். ஆன்லைனில் நர்சிங் மலிவாக இருக்கிறதே என்று வெளி மாநிலத்திலிருந்து சேருபவர் இந்த நான்கு பாடத்தையும் பார்த்துத் திகைத்துப்போவார். பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் எடுக்கலாம், சிலவற்றை, வகுப்புக்குப் போகாமலே கிரெடிட் தரும் கிளெப் தேர்வு எழுதியும் கடக்கலாம். முன்கூட்டியே தெரிந்தால் சின்ன வேலை. கடைசி செமஸ்டரில் தெரிந்தால் பட்டமளிப்பு தள்ளிப்போகும்.

நம் ஊரிலிருந்து போனவர்களுக்கு ஒரு விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தியாவில் நான்கு வருட பி.எஸ்ஸி. நர்சிங் முடித்தவருக்கு இந்தப் படிப்பு பெரும்பாலும் தேவையே இல்லை. வெளிநாட்டு நர்சிங் படிப்பை மதிப்பிடும் சி.ஜி.எஃப்.என்.எஸ். (இப்போது ட்ரூமெரிட் என்று பெயர்) போன்ற ஓர் அமைப்பிடம் மதிப்பீடு வாங்கினால், பொதுவாக அமெரிக்க பி.எஸ்.என்.னுக்குச் சமம் என்றே வரும். அதை எச்.ஆரிடம் கொடுத்துவிட்டு நேரே எம்.எஸ்.என்.னுக்குப் போகலாம். லைசென்ஸ் வாங்கியபோதே இந்த மதிப்பீடு கோப்பில் எங்கேயோ இருக்கும், தேடிப் பாருங்கள். ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ படித்தவர் விஷயம் வேறு. அவரை டிப்ளமோ நர்ஸ் என்று எடுத்துக்கொள்வார்கள், பி.எஸ்.என். படிக்கத்தான் வேண்டும். அதற்குப் பிறகு போஸ்ட் பேசிக் பி.எஸ்ஸி. முடித்தவருக்கு முடிவு இடத்துக்கு இடம் மாறலாம், அதனால் மதிப்பீடு வராமல் எங்கேயும் சேர வேண்டாம். டிரான்ஸ்கிரிப்ட் ஊரிலிருந்து நேரடியாகப் போக வேண்டியிருக்கும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும். முதல் வேலையாக அதற்கு எழுதிப்போடுங்கள்.

பணக் கணக்கு

ஒரு கிரெடிட்டுக்கு இவ்வளவு என்று ஒப்பிடுவது ஏமாற்றும். தொழில்நுட்பக் கட்டணம், புத்தகம், பின்னணிச் சோதனை, பட்டமளிப்புக் கட்டணம் எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள்.

முதலாளி தரும் படிப்புதவியில் வருடத்துக்கு 5,250 டாலர் வரை வரி கிடையாது. பல மருத்துவமனைகள் அந்த எண்ணையே தங்கள் உச்சவரம்பாகவும் வைத்திருக்கின்றன. இது காலண்டர் வருடக் கணக்கு என்பதைக் கவனிக்காமல் விடுகிறார்கள். ஜனவரியில் தொடங்கி டிசம்பருக்குள் முடித்தால் ஒரு வருட உதவிதான் கிடைக்கும். ஆகஸ்டில் தொடங்கி அடுத்த கோடையில் முடித்தால் இரண்டு வருடத்து உதவி. அதே படிப்பு, அதே பாடம். பணம் எந்தத் தேதியில் உங்கள் கைக்கு வருகிறது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒப்பந்தம். உதவி வாங்கினால் முடித்த பிறகு ஒரு வருடமோ இரண்டு வருடமோ அங்கேயே இருக்க வேண்டும், நடுவில் போனால் திருப்பிக் கட்ட வேண்டும் என்று இருக்கும். வீட்டுக்காரருக்கு வேறு ஊரில் வேலை மாறும் பேச்சு இருந்தால் கையெழுத்துப் போடும் முன் அதை யோசியுங்கள். பல இடங்களில் முதலில் நீங்கள் கட்டி, நல்ல கிரேடு வந்த பிறகுதான் பணம் திரும்பும். அந்த இடைவெளியை கிரெடிட் கார்டில் ஓட்டினால் வட்டி உதவியைத் தின்றுவிடும்.

அரசு தரும் படிப்பு உதவித்தொகையான பெல் கிராண்ட் பற்றி ஒரு வரி: பொதுவாகக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும், ஏற்கெனவே எந்த நாட்டிலாவது இளங்கலைப் பட்டம் வாங்கியிருந்தால் கிடைக்காது. ஊரில் வாங்கிய பி.ஏ.வும் கணக்கில் சேரும்.

ஆன்லைன் என்றால் நேரமே வேண்டாம் என்று நினைப்பது

வாரத்துக்கு மூன்று நாள், பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். மீதி நாலு நாள் சும்மாதானே என்று தோன்றும். நைட் டூட்டி பார்த்தவருக்குத்தான் தெரியும், அதில் இரண்டு நாள் தூக்கத்திலேயே போய்விடும் என்று. பாடங்கள் ஐந்து முதல் எட்டு வாரத்தில் முடியும் வேகத்தில் போகும். வாரத்தின் நடுவில் விவாதப் பதிவு, ஞாயிறு இரவுக்குள் இரண்டு பேருக்குப் பதில், அதே நாளில் கட்டுரை என்பதுதான் வழக்கமான ஓட்டம். சனி ஞாயிறு ஷிஃப்ட் பார்ப்பவருக்கு இந்த ஞாயிற்றுக்கிழமைக் கெடு ஒத்துவராது. முதல் முறை ஒரே ஒரு பாடம் எடுத்துப் பாருங்கள். சரி வந்தால் பிறகு இரண்டாக்கலாம்.

கட்டுரைகளுக்கு, மேற்கோளும் ஆதாரமும் காட்டும் விதத்தைச் சொல்லும் ஏ.பி.ஏ. ஏழாம் பதிப்பு முறை. மேற்கோள் எழுதும் விதத்தில் மதிப்பெண் வெட்டுவார்கள், முதல் வாரத்திலேயே ஒரு மாதிரிக் கோப்பு தயாரித்து வைத்துக்கொண்டால் நிம்மதி.

இதைவிட முக்கியம், யூனிட்டில் நடந்ததைக் கட்டுரையில் எழுதுவது. பேராசிரியர் அனுபவத்தைச் சொல்லச் சொல்வார். பெயரை மட்டும் நீக்கிவிட்டால் போதும் என்று தேதி, வயது, அபூர்வமான நோய், ஊர் எல்லாம் போட்டு எழுதுபவர்கள் இருக்கிறார்கள். நோயாளி யார் என்று கண்டுபிடிக்க முடிந்தால் அது நோயாளியின் தகவலைக் காக்கும் ஹிப்பா சட்டத்தை மீறுவதுதான், வகுப்புக்குள் எழுதினாலும் சரி. வேலையே போகலாம்.

கிளினிக்கல் இல்லை என்ற விளம்பரத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். ஆர்.என். ஆக இருப்பவருக்கும் ஏதாவது ஒரு நேரடிப் பயிற்சி, பெரும்பாலும் சமுதாய நலத்திலோ தலைமைப் பொறுப்பிலோ, இருக்கும். உங்கள் வழக்கமான ஷிஃப்ட்டை அதில் சேர்த்துக்கொள்ள விடமாட்டார்கள். இடத்தையும் வழிகாட்டியையும் யார் தேடுவது, நீங்களா பல்கலைக்கழகமா? பல்கலைக்கழகத்துக்கும் பயிற்சி தரும் இடத்துக்கும் இடையே ஒப்பந்தம் கையெழுத்தாகச் சில மாதம் இழுக்கலாம். வெளி மாநிலப் பல்கலைக்கழகம் என்றால், உங்கள் மாநில மாணவர்களைச் சேர்க்க அதற்கு அனுமதி உண்டா என்றும் பாருங்கள். படிக்கும்போது மாநிலம் மாறினால் இதே கேள்வி மறுபடி வரும்.

ஊரில் இருப்பவர்களுக்கு

இதையெல்லாம் படித்துவிட்டு, தமிழ்நாட்டில் ஜி.என்.எம். முடித்து வேலை பார்ப்பவர்கள் ஆன்லைன் நர்சிங் பட்டம் தேடக்கூடாது. இந்தியாவில் நர்சிங் பட்டத்தை ஆன்லைனில் நடத்த யு.ஜி.சி. விதி இடம் தருவதில்லை. வழி, இரண்டு வருட போஸ்ட் பேசிக் பி.எஸ்ஸி.தான், கல்லூரிக்குப் போய்ப் படிப்பது. வேலையை விடாமல் படிக்க, இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தொலைநிலையில் நடத்தி வந்த போஸ்ட் பேசிக் உண்டு; இப்போது சேர்க்கை இருக்கிறதா என்று அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். குறைந்தது மூன்று வருடம், நுழைவுத் தேர்வு, முன் அனுபவம், நேரில் செய்முறைப் பயிற்சி எல்லாம் அதில் அடக்கம். "வீட்டிலிருந்தே பி.எஸ்ஸி. நர்சிங்" என்று வாட்ஸாப்பில் வரும் விளம்பரத்துக்கு முன்பணம் கட்டும் முன், இந்திய நர்சிங் கவுன்சிலின் பட்டியலில் அந்தக் கல்லூரியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். முடித்த பிறகு கூடுதல் தகுதியை மாநில நர்ஸ் கவுன்சிலில் பதிவு செய்யவும் மறக்க வேண்டாம். பிற்பாடு வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கும்போது அந்தப் பதிவைக் கேட்பார்கள்.