குளிரில் மின்சார பிக்கப்பில் டிரெய்லர் இழுக்க நான் செய்த மாற்றங்கள்

உயரமான பெட்டி டிரெய்லரை மாட்டினாலே ரேஞ்ச் (ஒரு சார்ஜில் ஓடும் தூரம்) பாதியாகிவிடும். உறைபனிக் குளிர் இன்னும் கொஞ்சம் தின்னும். எடையைவிடக் காற்றுத் தடைதான் பெரிய எதிரி. 110 கி.மீ. வேகத்தை 90 ஆகக் குறைத்தால் அந்தத் தடை மூன்றில் ஒரு பங்கு குறையும். எனக்கு அதிகப் பலன் தந்தது இதுதான், செலவும் இல்லை.

அடுத்த தொல்லை சார்ஜிங். இரவு முழுக்கக் குளிரில் நின்ற பேட்டரி, காலையில் ஃபாஸ்ட் சார்ஜரில் மாட்டினாலும் மெதுவாகத்தான் ஏறும். செல்கள் சூடாகும்வரை வண்டியே மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்திவிடும். இப்போது இரவே, ஓடி வந்த சூட்டோடு சார்ஜ் போட்டுவிடுகிறேன். பிளக்கைக் கழற்றாமல் புறப்படும் நேரத்தை செட் செய்தால் பேட்டரியும் கேபினும் வெளி மின்சாரத்திலேயே சூடாகும். வழியில் சார்ஜரை நேவிகேஷனில் இலக்காகக் கொடுத்தால்தான் பல வண்டிகள் முன்கூட்டியே பேட்டரியைச் சூடாக்கும். பெரும்பாலான சார்ஜிங் இடங்களில் டிரெய்லரைக் கழற்றித்தான் ஆக வேண்டும். அதற்கும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

பலர் கவனிக்காதது பிரேக். குளிர்ந்த பேட்டரி ரீஜெனை (வேகம் குறையும்போது மோட்டார் திருப்பித் தரும் மின்சாரத்தை) முழுதாக ஏற்காது, ஆக்ஸிலரேட்டரை விட்டதும் வழக்கம்போல் வேகம் குறையாது. அதனால் காலி சாலையில் 40 கி.மீ. வேகத்தில் டிரெய்லர் பிரேக்கை மட்டும் பிடித்துப் பாருங்கள். சக்கரம் பூட்டிக்கொண்டால் கெயினை (டிரெய்லர் பிரேக் பிடிக்கும் பலத்தின் அளவை) ஒரு படி இறக்குங்கள்.

டயர் காற்று, வெப்பநிலை குறையும் ஒவ்வொரு 6 டிகிரி செல்சியஸுக்கும் சுமார் 1 பி.எஸ்.ஐ. இறங்கும். டிரெய்லர் டயரையும் சேர்த்துப் பாருங்கள்.