பாலைவனம் போறீங்களா? வேர்க்கலைன்னு ஏமாந்துறாதீங்க

எங்க ஊர் கொழிஞ்சாம்பாறை, பாலக்காட்டு கணவாய் காத்து நேரா மூஞ்சில அடிக்கிற ஊரு, மார்ச் ஏப்ரல்ல வெய்யில் 40-ஐ தொட்டாலும் டீக்கடையில சூடா டீ குடிச்சுட்டு இருப்போம். அதனால ஏப்ரல் கடைசில ராஜஸ்தான் பாலைவனத்துல இருக்கற ஜெய்சல்மேர் போறோம்னு சொன்னப்ப அம்மா மட்டும் தான் "வேண்டாம் சாமி"ன்னாங்க, நான் "நாம பாக்காத வெய்யிலாம்மா"ன்னு கெத்தா கிளம்பிட்டேன். சீசன் இல்லாததால ரூம் பாதி ரேட்டு வேற.

சாம் மணல்மேட்டுல காலைல பதினோரு மணி வரைக்கும் சுத்துனோம். சுடுது, ஆனா ஒரு பொட்டு வேர்வை இல்ல, நம்மூர்ல மாதிரி சட்டை முதுகுல ஒட்டல, எனக்கு ஒரே குஷி. அப்புறம் பேகை கழட்டுனா கூட வந்த மாப்ள சிரிக்கறான், என் கறுப்பு டீஷர்ட்ல பேக் வார் போன இடம் பூரா வெள்ளை வெள்ளையா கோடு, நக்கி பாத்தா உப்பு. அதாவது லிட்டர் கணக்குல வேர்த்திருக்கு, வெளிய வந்த நிமிஷமே காஞ்சு போயிருக்கு. காலைல ஹோட்டல்ல ஒன்னுக்கு போனது தான், அதுக்கப்புறம் போகவே இல்லங்கறதும் அப்பதான் உறைச்சுது. தலைவலி, எதுக்கெடுத்தாலும் எரிச்சல் வேற.

நம்மூர் காத்துல ஈரம் ஜாஸ்தி, வேர்வை காயாம வழியும், கசகசன்னு இருந்தா நாமளே தண்ணி தேடுவோம். அங்க காத்து வறண்டு கிடக்கறதால அந்த அலாரமே அடிக்காது. இந்த ஒரு விஷயத்தை மனசுல வச்சுட்டு மத்ததை படிங்க.

ஸ்டெப் 1: எப்ப போறதுன்னு முடிவு பண்ணுங்க

அக்டோபர்ல இருந்து மார்ச் வரைக்கும் தான் ராஜஸ்தானுக்கு சரியான டைம். ஜெய்சல்மேர் பக்கம் இருக்கற பலோடி ஊர்ல 2016 மே 19-ம் தேதி 51 டிகிரி அடிச்சுது, அந்த மாசத்துல போய் சாகசம் பண்ண வேண்டாம். போயே ஆகணும்னா கிளம்பறதுக்கு ஒரு பத்து நாள் முன்னாடியே தினமும் கொஞ்ச நேரம் வெய்யில்ல நடங்க, உடம்பு சூட்டுக்கு பழக ஒன்னு ரெண்டு வாரம் எடுக்கும். பிபி, சுகர், கிட்னி, ஹார்ட்டுக்கு மாத்திரை சாப்பிடறவங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க, நீர் பிரியற மாத்திரையும் சில ஆன்டிபயாடிக்கும் வெய்யிலோட ஒத்துப்போகாது.

ஸ்டெப் 2: தாகத்தை பாக்காதீங்க, வாட்சை பாருங்க

வெய்யில்ல நடக்கும்போது 15-20 நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒரு டம்ளர், அதாவது 200-250 மில்லி. மொபைல்ல அலாரம் வச்சுக்கோங்க, கூட இருக்கறவங்க கிண்டல் பண்ணட்டும். ஒரேயடியா ஒரு லிட்டரை கவுத்துட்டு ரெண்டு மணி நேரம் சும்மா இருக்கறது வேஸ்ட்டு. அதுக்குன்னு மணிக்கு 1.4 லிட்டருக்கு மேல போகாதீங்க, ரத்தத்துல சோடியம் குறைஞ்சு அதுவும் தலைவலி, வாந்தின்னு ஆரம்பிச்சு ஆபத்தாயிடும். டீ காபி அளவா குடிச்சா ஒன்னும் பண்ணாது. பீர் வேண்டாம், எங்க பாலக்காட்டு சித்தூர் பக்கத்து கள்ளு குடிச்சு பழகினவங்களுக்கும் சேர்த்து தான் சொல்றேன்.

சரியா குடிக்கறோமான்னு பாக்க பாத்ரூம் தான் மீட்டர். வெளிறின மஞ்சள்னா ஓகே, கட்டன் சாயா, அதான் பால் ஊத்தாத டீ கலர்ல போச்சுன்னா ரொம்ப லேட்டு. சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கலர் மாறும், அதை கணக்குல எடுத்துக்கோங்க.

ஸ்டெப் 3: உப்பு

எங்க வீட்ல பதிமுகம்ங்கற மரச்சீவலை போட்டு கொதிக்க வச்ச சிவப்பு தண்ணி தான் எல்லாத்துக்கும் மருந்து. நானும் ஒரு பாக்கெட் தாகசமனி, அதான் தண்ணில போட்டு கொதிக்க வைக்கற மூலிகைப் பொடி, கொண்டு போயிருந்தேன். நல்லா தான் இருக்கும், ஆனா போன உப்பை அது திருப்பித் தராது. மூணு வேளையும் ஒழுங்கா சாப்பிட்டீங்கன்னா பாதி உப்பு சாப்பாட்டுலயே வந்துரும். நம்ம கேரளா மோர் சம்பாரம் பிடிக்கும்னா அங்க "சாச்"னு கேளுங்க, அதே மோர் தான், உப்பும் சீரகமும் போட்டு தருவாங்க, கறிவேப்பிலை தான் மிஸ்ஸிங்.

நாள் பூரா வேர்த்தாலோ வயித்தால போனாலோ ஓஆர்எஸ், அதான் உப்பு-சர்க்கரை கரைசல். மெடிக்கல்ல உலக சுகாதார நிறுவன ஃபார்முலான்னு பார்த்து பவுடர் பாக்கெட் வாங்குங்க, முழு பாக்கெட்டையும் அதுல போட்டிருக்கற அளவு தண்ணில தான் கலக்கணும், பாதி பாதியா கணக்கு போடாதீங்க. கலர் கலரா டப்பால வர்ற இனிப்பு ஜூஸ் வேற. பாக்கெட் கிடைக்கலைன்னா ஒரு லிட்டர் சுத்தமான தண்ணிக்கு தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டி அரை டீஸ்பூன் உப்பு. குடிச்சு பாருங்க, கண்ணீரை விட கரிச்சா கொட்டிட்டு மறுபடியும் கலக்குங்க. மறுநாளைக்கு வச்சுக்காதீங்க.

ஸ்டெப் 4: மூடுங்க

வெய்யில்னா ஷார்ட்ஸ், பனியன்னு நினைக்கறோம்ல, அங்க ஊர்க்காரங்களை பாருங்க, தலைப்பாகை, முழுக்கை, தொளதொள துணி. தோலை வெய்யில் நேரா சுடாம இருந்தாலே பாதி வேலை முடிஞ்சுது. லூஸான காட்டன் முழுக்கை சட்டை, அகலமான தொப்பி, யூவி (புற ஊதா கதிர்) 400-னு போட்ட கூலிங் கிளாஸ் போதும்.

இதுல நான் சொல்ற ஒரே சொத்து நம்ம தோர்த்து, அதான் மெல்லிசு துண்டு. ஜீப் ஓட்டுன அண்ணன் பானெட் முன்னாடி கான்வாஸ் பை ஒன்னு தொங்க விட்டிருந்தாரு, சாகல்னு பேராம், உள்ள இருக்கற தண்ணி கசிஞ்சு காத்துல காய காய நம்ம மண்பானை மாதிரி சில்லுனு ஆயிடுது. என் தலைவலியை பாத்துட்டு அதுல இருந்து என் தோர்த்துல ஊத்தி, கழுத்துல சுத்தி விட்டாரு, அஞ்சு நிமிஷத்துல ஏசி போட்ட மாதிரி. வறண்ட காத்து நம்மகிட்ட இருந்து திருடுனதை இப்படி தான் திருப்பி வாங்கணும். கனமான டர்க்கி டவல் எடுத்துட்டு போகாதீங்க, மெல்லிசா இருந்தா தான் சட்டுனு காஞ்சு குளிரும்.

சன்ஸ்கிரீன்: நம்ம கலருக்கு எதுக்குன்னு கேக்காதீங்க, கறுப்பு தோலும் எரியும். எஸ்பிஎஃப் 30-க்கு மேல, ரெண்டு விரல் நீளத்துக்கு பிதுக்கி முகம் கழுத்துக்கு, வெளிய போறதுக்கு 20 நிமிஷம் முன்னாடி, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திரும்ப. மணல் 15 சதவீதம் வரைக்கும் யூவியை கீழ இருந்து மேல அடிக்கும், அதனால தாடைக்கு அடியிலயும் மூக்குக்கு கீழயும் தடவுங்க, தொப்பி அதை காப்பாத்தாது.

ஸ்டெப் 5: நடுப்பகல்ல ரூம்ல இருங்க

உங்க நிழல் உங்களை விட குட்டையா இருந்தா உள்ள போயிடணும், அவ்வளவு தான் ரூல். நம்ம பக்கத்துல வீட்டுக்கு ஒருத்தர் கல்ஃப்ல இருப்பாங்க, கேட்டு பாருங்க, யூஏஈல ஜூன் 15-ல இருந்து செப்டம்பர் 15 வரைக்கும் மதியம் 12:30-ல இருந்து 3 மணி வரை வெட்டவெளி வேலைக்கே தடை. வேலை செஞ்சு பழகினவங்களுக்கே அப்படின்னா டூரிஸ்ட்டு நாம எம்மாத்திரம்.

ஸ்டெப் 6: யாருக்காவது முடியலைன்னா

தலைசுத்தல், குமட்டல், கால் இழுத்துக்கறது இதெல்லாம் முதல் எச்சரிக்கை மணி. நிழல்ல படுக்க வச்சு, பட்டனை லூஸ் பண்ணி, ஓஆர்எஸ் கொஞ்சம் கொஞ்சமா குடுங்க. ஆனா உளற ஆரம்பிச்சா, எங்க இருக்கோம்னே தெரியாம முழிச்சா, நினைவு தப்புனா அது ஹீட் ஸ்ட்ரோக், வேர்வை இருக்கா இல்லையான்னு பாத்துட்டு நிக்காதீங்க. 108-க்கு ஒருத்தர் போன் போடட்டும், மத்தவங்க கையில இருக்கற தண்ணி பூரா அவங்க மேல ஊத்தி விசிறுங்க. குடிக்க வச்ச தண்ணியாச்சேன்னு யோசிக்க வேண்டாம். வாயில மட்டும் ஊத்தாதீங்க, புரையேறிடும்.