மேஜருக்காகப் பல்கலைக்கழகம் மாறுகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

அமெரிக்காவில் கம்யூனிட்டி காலேஜ் எனும் இரண்டு ஆண்டுக் கல்லூரியில் படித்து முடித்துவிட்டு, ஒரு குறிப்பிட்ட மேஜருக்காக, அதாவது முதன்மைப் பாடத்துக்காக, பல்கலைக்கழகத்துக்கு டிரான்ஸ்பர் ஆகிறவர்கள் ஏராளம். இரண்டு மூன்று இடங்களில் அனுமதி கிடைத்ததும் பலர் முதலில் திறப்பது தரவரிசைப் பட்டியலைத்தான். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. அந்த வரிசை பெரும்பாலும் பல்கலைக்கழகம் முழுவதற்கும் சேர்த்துப் போடப்பட்டது. நீங்கள் படிக்கப்போவது அதில் ஒரே ஒரு துறையில், அதுவும் கடைசி இரண்டு ஆண்டு மட்டும். அந்த இரண்டு ஆண்டில் பட்டத்தை முடிக்க முடியுமா என்பதுதான் உங்கள் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

அதிகம் பேர் ஏமாறும் இடம் கிரெடிட், அதாவது முடித்த பாடங்களுக்குக் கிடைக்கும் அலகுகள். “உங்கள் 60 கிரெடிட்டும் ஏற்கப்படும்” என்று கடிதத்தில் இருந்தால் நிம்மதியாகிவிடுகிறோம். ஆனால் பல்கலைக்கழகம் ஒரு பாடத்தை ஏற்பது வேறு, துறை அதை மேஜருக்குக் கணக்கில் எடுப்பது வேறு. துறை எடுக்காத பாடம் வெறும் விருப்பப் பாடமாகப் பதிவாகும். மொத்த எண்ணிக்கை கூடும், பட்டம் பக்கத்தில் வராது. உதாரணமாக, கணினி அறிவியலில் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பாடத்தை நீங்கள் ஒரு புரோகிராமிங் மொழியில் படித்திருப்பீர்கள். போகும் துறை வேறொரு மொழியில் படித்திருக்க வேண்டும் என்று கேட்கலாம். அந்த ஒரு பாடம் நின்றுபோனால், அதை முன்தேவையாகக் கொண்ட அல்காரிதம்ஸ், ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் எல்லாம் வரிசையாகத் தள்ளிப்போகும். அவற்றில் ஒன்று ஆண்டுக்கு ஒருமுறைதான் நடத்தப்படுகிறது என்றால் ஒரு வருடமே போய்விடும், அதற்கான கட்டணமும் சேர்ந்து. 2017-இல் அமெரிக்க அரசின் ஜி.ஏ.ஓ. என்ற தணிக்கை அமைப்பு வெளியிட்ட அறிக்கை, 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறியவர்கள் சராசரியாக 43 சதவீத கிரெடிட்டை இழந்ததாக மதிப்பிட்டது. இது ஓரிருவருக்கு நேரும் துரதிர்ஷ்டம் அல்ல என்பதற்கு இந்த ஒரு எண் போதும்.

கலிஃபோர்னியாவில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. எந்தக் கம்யூனிட்டி காலேஜ் பாடம் எந்த அரசுப் பல்கலைக்கழகத்தின் எந்த மேஜருக்குப் பொருந்தும் என்பதை அசிஸ்ட் என்ற அதிகாரப்பூர்வத் தளத்தில் பார்க்கலாம். நீங்கள் பாடம் எடுத்த ஆண்டுக்கான ஒப்பந்தத்தைத் திறந்து பாருங்கள். மற்றவர்கள் துறை அட்வைசருக்கே பாடத்திட்டங்களை அனுப்பி, எது மேஜருக்குக் கணக்காகும், எத்தனை செமஸ்டர் மீதம் இருக்கும் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அட்மிஷன் அலுவலகம் தொலைபேசியில் சொன்னதை நம்பி முடிவெடுக்காதீர்கள்; மேஜர் கணக்கை முடிவு செய்வது அவர்கள் அல்ல.

“முதலில் உள்ளே போய்விடலாம், மேஜரை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்” என்பது எல்லாவற்றிலும் ஆபத்தான கணக்கு. கணினி அறிவியல், நர்சிங் போன்ற இடத்துக்குப் போட்டி மிகுந்த மேஜர்களுக்குப் பல இடங்களில் உள்ளிருந்து மாறுவது மிகக் கடினம், சில இடங்களில் வழியே கிடையாது. டிரான்ஸ்பர் மாணவருக்குக் காத்திருந்து முயன்று பார்க்கக் காலமும் இல்லை. பெரிய பெயருள்ள இடத்தில் வேறு மேஜரும், அடுத்த நிலையில் உள்ள இடத்தில் நீங்கள் கேட்ட மேஜரும் கிடைத்தால், தயங்காமல் இரண்டாவதை எடுங்கள் என்பேன்.

படிப்பின் தரத்துக்கு வெளி அமைப்பு தரும் அங்கீகாரம் எல்லா மேஜருக்கும் ஒரே எடை கொண்டதல்ல. சிவில் இன்ஜினியரிங் படித்து பொறியாளர் உரிமம் பெற நினைப்பவர், பொறியியல் படிப்புகளை மதிப்பிடும் ஏபெட் அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். கணினி அறிவியலில் பெயர்பெற்ற சில துறைகள் அதை நாடுவதே இல்லை. அங்கே அது இல்லாததைக் குறையாக எண்ண வேண்டாம்.

கல்விக் காலமுறையைப் பலர் பார்ப்பதேயில்லை. யூ.சி. எனப்படும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் வளாகங்களில் பெர்க்லியும் மெர்செடும் செமஸ்டர் முறை. இளநிலைப் படிப்பு உள்ள மற்ற வளாகங்கள் குவார்ட்டர் முறை, அதாவது செமஸ்டரைவிடக் குறுகிய பருவம், சுமார் 10 வாரப் பாடம். புதிய ஊரில் பழகி முடிப்பதற்குள் முதல் தேர்வு வந்துவிடும். இரண்டு ஆண்டில் முடிப்பவருக்கு இடையில் கிடைப்பது ஒரே ஒரு கோடை விடுமுறை. இன்டர்ன்ஷிப்புக்கு அதுதான் வாய்ப்பு. பெரிய நிறுவனங்கள் பல, அதற்கான ஆள்தேர்வை முந்தைய இலையுதிர் காலத்திலேயே தொடங்கிவிடுகின்றன. ஆகவே சேர்ந்த முதல் மாதமே விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். டிரான்ஸ்பர் மாணவர்களுக்கு அந்தத் துறை இதில் என்ன உதவி செய்கிறது, ஆய்வகத்தில் சேர்த்துக்கொள்கிறார்களா என்று அங்கே படிப்பவர்களிடமே கேளுங்கள்.

பண உதவியில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். குறைந்த வருமானக் குடும்ப மாணவர்களுக்கு அமெரிக்க அரசு தரும் பெல் கிராண்ட் உதவித்தொகை வாழ்நாளில் மொத்தம் 12 செமஸ்டருக்குச் சமமான அளவுதான். ஏற்கெனவே எவ்வளவு செலவாகியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, மீதமுள்ள பருவங்களோடு பொருத்திப் பாருங்கள்.

யூ.சி. டிரான்ஸ்பர் முடிவுகள் பெரும்பாலும் ஏப்ரலில் வரும். இடத்தை ஏற்பதற்கான வழக்கமான கெடு ஜூன் 1. துறைக்கு எழுதி, பதில் வாங்கி, ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனித்தனியாகப் பருவவாரிப் பாடத் திட்டம் ஒன்றைப் போட்டுப் பார்க்க அந்த இடைவெளி போதும். முடிவு வந்த வாரமே தொடங்கிவிடுங்கள்.