மளிகை லிஸ்ட்டை வைத்து உங்கள் நீர்த்தடத்தைக் கணக்கிடுவது எப்படி?

ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் செலவழிக்கிறோம் என்று கேட்டால் கை உடனே குளியலறைப் பக்கம்தான் நீளும். குழாயில் வருவது மொத்தக் கணக்கில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. மீதியெல்லாம் அரிசியிலும் பாலிலும் சட்டைத் துணியிலும் ஒளிந்திருக்கிறது. அதற்குத்தான் மறைநீர் என்று பெயர். லண்டன் பேராசிரியர் டோனி ஆலன் 1990களின் தொடக்கத்தில் இந்தக் கருத்தைச் சொன்னார். 2002-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த ஆர்யென் ஹூக்ஸ்ட்ரா, ஒரு ஆளுக்கு எவ்வளவு, ஒரு நாட்டுக்கு எவ்வளவு என்று கணக்குப் போடும் வழியாக அதை வளர்த்தார். அதுதான் நீர்த்தடம்.

தேவையானவை: ஒரு பக்கெட், செல்போன், போன மாத மளிகை பில், ஒரு நோட்டு.

படி 1: குழாயை அளந்து பாருங்கள்

பக்கெட்டில் லிட்டர் கோடு இல்லையென்றால் ஒரு லிட்டர் பாட்டிலால் ஊற்றி நீங்களே கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஷவரை வழக்கமாகத் திறக்கும் அளவுக்குத் திறந்து 30 விநாடி பிடியுங்கள். 4 லிட்டர் நிறைந்தால் நிமிடத்துக்கு 8. ஆறு நிமிடக் குளியல் என்றால் 48 லிட்டர். சமையலறைக் குழாய்க்கும் இதே முறைதான்.

ஃப்ளஷ் தொட்டி பழைய மாடல் என்றால் ஒரு தடவைக்கு சுமார் 10 லிட்டர். இரண்டு பொத்தான் வைத்தது என்றால் 3 அல்லது 6. வாஷிங் மெஷின் தண்ணீரை வீட்டில் உள்ள தலைகளால் வகுத்துக்கொள்ளுங்கள். பலர் விட்டுவிடுவது ஆர்.ஓ. ஃபில்டரை. அதன் கழிவுக் குழாயை ஒரு வேளை பக்கெட்டில் விட்டுப் பாருங்கள், நீங்கள் குடிப்பதைவிட அதிகமாகவே வெளியே போய்க்கொண்டிருக்கும்.

துணி துவைக்கும் நாள் ஒன்று, துவைக்காத நாள் ஒன்று என்று அளந்து சராசரி எடுங்கள். லாரித் தண்ணீர் வாங்கும் தெருக்காரர்களுக்கு இந்தப் படியே தேவையில்லை. அங்கே குடக்கணக்கு எல்லோருக்கும் மனப்பாடம்.

வந்த எண்ணை எதோடு ஒப்பிடுவது? இந்திய நகரங்களுக்கு அரசு வைத்திருக்கும் அளவுகோல் நாளைக்கு ஆளுக்கு 135 லிட்டர். கிராமங்களுக்கு ஜல் ஜீவன் திட்டம் வைத்திருப்பது 55. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் வறட்சியில் தவித்த 2018 பிப்ரவரியில் ஆளுக்கு 50 லிட்டர்தான் என்று கட்டுப்பாடு போட்டார்கள். அமெரிக்க வீடுகளில் 2015 கணக்குப்படி ஆளுக்குச் சுமார் 310.

படி 2: மளிகை பில்லை எடுங்கள்

வேலையே இங்கேதான். மாதச் சாமானை வீட்டு ஆட்களால் வகுத்து, பிறகு 30-ஆல் வகுங்கள். அதைக் கீழே உள்ள எண்ணால் பெருக்குங்கள். எல்லாம் ஒரு கிலோவுக்கான உலகச் சராசரி, லிட்டரில். உங்கள் ஊர் வயலில் கொஞ்சம் கூடலாம், குறையலாம்.

- அரிசி: 2,500
- கோதுமை: 1,830
- பருப்பு வகைகள்: 4,050
- சர்க்கரை: 1,780
- பால்: 1,020
- கடலை எண்ணெய்: 7,500
- கோழிக்கறி: 4,300
- மாட்டிறைச்சி: 15,400
- காய்கறி: 320
- பழம்: 960

இவை தவிர முட்டை ஒன்றுக்கு 200 லிட்டர், பால் சேர்க்காத காபி ஒரு கப்புக்கு 130, டீக்கு 30 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாலு பேர் உள்ள ஒரு வீட்டைப் போட்டுப் பார்ப்போம். மாதம் 24 கிலோ அரிசி. ஆளுக்கு 6 கிலோ, நாளைக்கு 200 கிராம். 0.2 × 2,500 = 500 லிட்டர். காலை இட்லியும் மதியச் சோறும் இதில் அடக்கம்.

தினம் ஒன்றரை லிட்டர் பால் வாங்கினால் ஆளுக்கு 380 லிட்டர். இரண்டு வேளை காபிக்கு 260. இரண்டையும் கூட்டினால் சோற்றைத் தாண்டிவிடுகிறது! எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத விடை இது, காபியை விடுவதாகவும் இல்லை. ஆனால் இதற்கு ஒரு சமாதானம் இருக்கிறது, படி 5-இல் வருகிறது.

அதே வீட்டில் மாதம் 4 கிலோ பருப்பு (135), 4 லிட்டர் கடலை எண்ணெய் (230), 3 கிலோ சர்க்கரை (45), 60 முட்டை (100), 4 கிலோ கோழி (145), தினம் ஆளுக்கு 300 கிராம் காய் (100), 100 கிராம் பழம் (100). மொத்தம் ஏறத்தாழ 2,000 லிட்டர். குழாயில் 150 லிட்டர் செலவழிக்கும் ஆள், தட்டில் 2,000 லிட்டர் வைத்துச் சாப்பிடுகிறார்.

மாட்டிறைச்சிக்கு ஏன் அவ்வளவு என்று கேட்பீர்கள். மாடு குடிக்கிற தண்ணீரால் அல்ல, அது வளரும்வரை தின்கிற தீவனத்தை விளைவிக்கப் போகிற தண்ணீரால்.

படி 3: துணி

பருத்தி டி-ஷர்ட் ஒன்றுக்கு 2,500 லிட்டர், ஜீன்ஸுக்கு 8,000. வருடத்தில் வாங்கியதைக் கூட்டி 365-ஆல் வகுங்கள். ஆறு சட்டை, இரண்டு ஜீன்ஸ் என்றால் நாளைக்கு 85. அவ்வளவுதான்.

படி 4: நாடுகளோடு ஒப்பிடுங்கள்

நம் உதாரண ஆளுக்கு நாளைக்கு 2,200 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே வந்திருக்கிறது. ஓட்டல் சாப்பாடு, தின்பண்டம், வீட்டுச் சாமான்கள் எல்லாம் இன்னும் சேரவில்லை. ஹூக்ஸ்ட்ராவும் அவரோடு ஆய்வு செய்த மெகோனனும் 1996–2005 தரவுகளை வைத்துப் போட்ட கணக்கில் உலகச் சராசரி ஆளுக்கு 3,800 லிட்டர். இந்தியா சுமார் 3,000, சீனா 2,900, அமெரிக்கா 7,800.

அமெரிக்கர் நம்மைவிட இரண்டரை மடங்கு, சரி. ஆனால் அந்தப் பட்டியலில் நைஜர் நாடு அமெரிக்காவையே தாண்டி நிற்கும். உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று அது. அங்கே தண்ணீர் தாராளமாகப் புழங்குகிறது என்று நினைத்தால் தப்பு. காய்ந்த நிலத்தில் விளைச்சல் அவ்வளவு குறைவு. ஒரு டன் தானியத்துக்கு உலகச் சராசரியைப் போல ஆறு மடங்கு தண்ணீர் போகிறது. அமெரிக்கரின் எண் அவர் சாப்பிடுவதாலும் வாங்குவதாலும் பெருத்தது. நைஜர்க்காரரின் எண் நிலம் கொடுக்காததால் பெருத்தது. பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்து 'யார் வீணாக்குகிறார்கள்' என்று முடிவு கட்டுகிறவர்களை நம்பாதீர்கள்.

படி 5: அது யார் வீட்டுத் தண்ணீர் என்று எழுதுங்கள்

நோட்டில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் இரண்டு கேள்வி. எங்கே விளைந்தது? மழையா, பாசனமா?

மலைத்தோட்டக் காபிக்குக் கணக்கில் வரும் நீர் பெரும்பாலும் மேலேயிருந்து விழும் மழை. அங்கே காபிச் செடி இல்லாவிட்டால் காடு குடித்திருக்கும். நான் சொன்ன சமாதானம் இதுதான். பஞ்சாபில் போர்வெல் போட்டு விளைவித்த பாஸ்மதி அப்படியல்ல. அங்கே நிலத்தடி நீர் வருடா வருடம் இறங்குகிறது, அரிசி மூட்டையோடு சேர்ந்து வளைகுடா நாடுகளுக்குக் கப்பலேறுகிறது. மத்திய ஆசியாவில் ஆரல் கடலுக்குப் போகவேண்டிய அமு தரியா, சிர் தரியா ஆறுகளை 1960களிலிருந்து பருத்தி வயலுக்குத் திருப்பினார்கள். கடலே பெரும்பாலும் வற்றிப்போனது. மழையில் விளைந்ததிலும் இப்படிப் பாசனத்தில் விளைந்ததிலும் லிட்டர் கணக்கு ஒரே மாதிரி தெரியும், சேதம் ஒன்றல்ல.

பணக்கார நாடுகளுக்கு ஒரு வசதி உண்டு, தண்ணீரை வெளியூரில் செலவழிக்கலாம். நெதர்லாந்துக்காரரின் நீர்த்தடத்தில் 95 சதவீதம் வேறு நாடுகளில் விழுகிறது. சவூதி அரேபியா பாலைவனத்தின் அடியில் இருந்த பழைய நீரை இறைத்துக் கோதுமை விளைத்தது. அது தீர்ந்துகொண்டே வந்ததால், 2016-க்குள் உள்ளூர்க் கோதுமைக் கொள்முதலை நிறுத்துவதாக 2008-இல் அறிவித்தது. அந்நாட்டுப் பால் நிறுவனமான அல்மராய் 2014-இல் அமெரிக்காவின் அரிசோனாவில் நிலம் வாங்கி, அங்கே தீவனப்புல் வளர்த்துக் கப்பலில் கொண்டுபோனது. அரிசோனாவே வறண்ட பூமி. அந்த நிறுவனம் மாநில அரசிடம் நிலம் குத்தகைக்கும் எடுத்திருந்தது, 2023-இல் அரசு அந்தக் குத்தகைகளில் ஒன்றை ரத்து செய்தது.

நம் பில்லில் 'எங்கே விளைந்தது' என்று எழுதுவது சுலபமில்லை. பாக்கெட்டில் பெரும்பாலும் பொட்டலம் கட்டிய ஊர்தான் இருக்கும். கடைக்காரரிடம் கேளுங்கள், அரிசிக்கும் பருப்புக்கும் அவர் சொல்லிவிடுவார். துணிக்கு விடை கிடைக்காது. அந்த வரியில் கேள்விக்குறி போட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

எதைக் குறைப்பது என்று பார்க்கும்போது, பாசனம் என்று குறித்தவற்றில் பெரிய எண் எதுவோ அதிலிருந்து தொடங்குங்கள். அதற்கும் முன்னால் வாங்கி வீணாய்ப்போனதைப் பாருங்கள். ஒரு கிண்ணம் சோற்றைக் கொட்டினால் கிட்டத்தட்ட 100 கிராம் அரிசி, அதாவது 250 லிட்டர். ஷவரில் ஐந்து நாள் குளியல்.