தக்கைப்பூண்டை மடக்கி உழுதபின் நேரும் தவறுகள்

நெல்லுக்கு முன் விதைத்து, பச்சையாகவே மண்ணில் மடக்கி உழும் பசுந்தாள் உரப்பயிர் தக்கைப்பூண்டு. அதன் தழையில் உள்ள தழைச்சத்து (நைட்ரஜன்) பெரும்பாலும் புரதமாக இருக்கிறது. நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்து அம்மோனியமாக மாற்றிய பிறகே நெல் வேர் அதை எடுக்கும். அவை எவ்வளவு வேகமாக வேலை செய்யும் என்பது மண்ணின் சூட்டையும் ஈரத்தையும் பொறுத்தது. அதை மறந்து நாளை மட்டும் எண்ணுவதில்தான் பல தவறுகள் தொடங்குகின்றன.

முதல் தவறு, எல்லாப் பட்டத்துக்கும் (சாகுபடிப் பருவத்துக்கும்) ஒரே கணக்கு வைப்பது. சுமார் 15 முதல் 35 பாகை செல்சியஸ் வரை, மண்ணின் சூடு 10 பாகை ஏறினால் சிதையும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். குறுவைப் பட்ட நெல்லுக்கு ஜூனில் மடக்கிய இளந்தழை ஒரு வாரம், பத்து நாளில் மட்கிவிடும். குறுவைக்குப் பின் வரும் தாளடிப் பட்டத்தில் அடைமழை பிடித்து வெயிலே காணாமல் போனால் இன்னும் சில நாள் கூடும். ஊட்டி குளிரில் உருளைக்கிழங்குக்கு மடக்கினால் வாரக்கணக்கில் ஆகும். ஆகவே நடவுக்கு முன் சேற்றைக் கையில் அள்ளிப் பாருங்கள். இலை உருத்தெரியாமல் கரைந்து, தண்டு விரலில் நசுங்கினால் நடலாம். கால் வைத்ததும் குமிழி பொங்கி அழுகல் வாடை அடித்தால் மூன்று நான்கு நாள் தள்ளிப்போடுங்கள். அந்த நிலையில் சேற்றில் கரிம அமிலங்கள் தேங்கியிருக்கும். இளநாற்றின் வேர் கருகும். குளிர்ந்த மண்ணில் இந்தத் தொல்லை கூடுதல் நாள் நீடிக்கும்.

அதைவிடப் பெரிய இழப்பு கண்ணுக்குத் தெரியாதது. மடக்கிய வயலில் நீர் வற்றி வெடிப்பு விடும். முறைப்பாசனத் (முறைவைத்துத் திறந்துவிடும்) தண்ணீர் வந்ததும் மறுபடி நிரப்புவார்கள். நீர் நின்ற சேற்றில் காற்று இல்லாததால் சத்து அம்மோனியமாகவே நின்று களிமண்ணில் ஒட்டிக்கொள்ளும். மண் காய்ந்து காற்று புகுந்தால் அது நைட்ரேட்டாக மாறும். மறுபடி நீர் கட்டியதும் அந்த நைட்ரேட் வாயுவாகிப் பறந்துவிடும். வெயில் காலத்தில் இந்த இரண்டு மாற்றமுமே வேகமாக நடக்கும். வயலில் ஒரு குறையும் தெரியாது, பயிர் மட்டும் வெளிறும். மடக்கியது முதல் நடவு வரை இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீர் நின்றால் போதும். அதற்குத் தண்ணீர் உறுதி இல்லையென்றால் மடக்குவதையே தள்ளிப்போடலாம், ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. விதைத்த 45 முதல் 50 நாளில், பூ தொடங்கும் போதே மடக்க வேண்டும். முற்றிய தண்டில் கரிமம் மிகுதி. அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் தங்கள் தேவைக்கு மண்ணின் தழைச்சத்தையே இழுத்துக்கொள்ளும். நார் மிகுந்த இன்னொரு பசுந்தாள் பயிரான சணப்பையில் இது இன்னும் மோசம்.

நீர் கட்டி வைக்காத தோட்டக்கால் நிலத்தில் கதை வேறு. அங்கே மண் துளைகளில் ஏறக்குறைய 60 சதவீதம் நீரும் மீதி காற்றும் இருப்பது நல்லது. கையில் பிடித்தால் உருண்டையாகி, தட்டினால் உதிர்வதுதான் பதம். தழையை வெட்டி மேலேயே வெயிலில் போட்டுவைத்தால் ஒரு பகுதி சத்து அம்மோனியாவாகக் காற்றில் போகும். அன்றே 10 முதல் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குள் மூடுங்கள். காய்ந்த மண்ணில் மூடினால் தழை அப்படியே கிடக்கும். முதல் மழையில் நுண்ணுயிர்கள் ஒரே மூச்சில் விழித்துச் சத்தை வெளியிடும். அப்போது பயிர் வேர் இல்லாவிட்டால், மணற்பாங்கான மண்ணில் அடுத்த கனமழை அதைக் கீழே இறக்கிவிடும்.

கடைசியாக யூரியா. ஏக்கருக்கு 8 டன் பச்சைத்தழை என்றால் காய்ந்த எடை சுமார் 1,600 கிலோ. அதில் இரண்டரை சதவீதம் தழைச்சத்து என்று வைத்தாலும் 40 கிலோ வருகிறது. 45 கிலோ யூரியா மூட்டை இரண்டில் இருப்பதற்குச் சற்றே குறைவு. முதல் பயிருக்கு இதில் பாதி, சில சமயம் அதற்கும் குறைவாகவே கிடைக்கும். எனவே இரண்டு மூட்டையையும் நிறுத்துவது தவறு. வழக்கம்போல் முழுதும் கொட்டினால் இலைச்சுருட்டுப் புழுவும் குலைநோயும் வரும், பயிர் சாயும். அடியுர யூரியாவைக் குறைத்துவிட்டு, நட்ட 14ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை இலை வண்ண அட்டையை (இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கும், எண்ணிட்ட நிறப்பட்டைகள் கொண்ட அட்டை) வைத்துப் பாருங்கள். அட்டையில் பார்க்க வேண்டிய எண் வெள்ளைப் பொன்னி நெல்லுக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4. நிறம் அதற்குக் கீழே இறங்கினால் மட்டும் மேலுரம் போடலாம்.